கருவியும் கர்த்தாவும்

ஒரு மென்பொருட்குழு தன் தரவுத்தளத்தைக் கையாள எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்கின் விலையையும் வசதியையும் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில், கர்மத்துக்குப் பொறுப்பாவது கர்த்தாவா, கரணமா என்ற பழைய தத்துவ விசாரத்தின் ஒரு கிளையே ஆகும்.

ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் வகுத்த உறவுமுறை மாதிரியின் வழிவந்த எஸ்.க்யூ.எல். மொழியில், ‘டெலீட்’ கட்டளையோடு சேரவேண்டிய ‘வேர்’ நிபந்தனை விடுபட்டுப்போனால், அட்டவணையின் வரிசைகள் யாவும் அழிகின்றன. மாற்றங்களைத் தானாகவே உறுதிசெய்துவிடும் ‘ஆட்டோ கமிட்’ இயங்குமாயின் அஃது அக்கணமே முடிந்துவிட்ட கர்மம். இயங்காதபோதோ, ‘கமிட்’ இடும் வரையில் ‘ரோல்பேக்’ என்னும் பிராயச்சித்தத்துக்கு இடமுண்டு. டிபீவர் என்னும் தரவுத்தளக் கருவியில் ஓர் இணைப்பைப் ‘புரொடக்‌ஷன்’ வகையென்று குறித்துவிட்டால், இயல்பமைப்பில் கமிட் தானாக நிகழாமல் மனிதனின் சம்மதத்துக்குக் காத்து நிற்கிறது. அந்தச் சிறு தாமதத்தை, வரைபடம், வர்ணம் முதலிய ஏனைய அலங்காரங்கள் அனைத்தினும் மேலாக நான் மதிக்கிறேன், ஏனெனில் விவேகம் விழித்தெழுவது அவ்வவகாசத்தில்தான்.

ஆயினும் பாரத்தைக் கருவியின் தலையில் ஏற்றிவிடலாகாது. புதிதாகச் சேர்ந்த இளைஞர் கையிலும் அழிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, பிழை நேர்ந்தபின் அவரை மட்டும் நிந்திப்பது பெரும் அநியாயம். வாசிக்கும் உரிமை மட்டுமே உள்ள தனிக்கணக்கை முதலிலேயே அவருக்கு அமைத்துத் தந்திருக்க வேண்டியவர், கருவியைத் தேர்ந்த தலைவரே.