அடையாற்றுப் பிள்ளைகளின் வழக்கு

1912 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் நாராயணய்யா ஒரு வழக்குத் தொடுத்தார். ஓய்வுபெற்ற தாசில்தார், மனைவியை இழந்தவர். தன் மகன்கள் இருவரை, பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட்டிடமிருந்து மீட்டுத் தர வேண்டும் என்று கேட்டார். இருவரில் மூத்தவர், பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. இளையவர் நித்யானந்தா.

1909-ல் அடையாறு கடற்கரையில் சிறுவன் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்த அந்தச் சபையின் லெட்பீட்டர், வரப்போகும் உலக குருவுக்கு ஏற்ற உடல் இதுவே என்று நம்பினார். பெசன்ட்டும் நம்பினார். 1910 மார்ச்சில் தந்தையே கையெழுத்துப் போட்டுப் பிள்ளைகளை ஒப்படைத்தார். லெட்பீட்டரின் நடத்தை மீது ஐயம் எழுந்ததும் தந்தை மனம் மாறினார். மகனைத் தெய்வமாக்கி, பெரிய மனிதர்களை அவன் காலில் விழச் செய்கிறார்கள் என்றும் குறைப்பட்டார்.

பெற்றவன் என்ற உரிமை ஒரு பக்கம், உலகத்துக்கே வழிகாட்டப் பிறந்தவன் என்ற நம்பிக்கை மறுபக்கம். தந்தையும் பெசன்ட்டும் தத்தம் பக்கத்தை மனதார நம்பினார்கள். அதனால்தான் இந்த வழக்கு இன்றும் கனக்கிறது. கெட்ட எண்ணத்தோடு பிள்ளையை இழுப்பவரை அடையாளம் காண்பது எளிது. நல்லது செய்கிறோம் என்ற உறுதியோடு இழுப்பவரை யார் தடுப்பது?

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. பெசன்ட் தாமே வாதாடினார். தந்தைக்காக நின்றவர் சி.பி. ராமசாமி ஐயர். 1913-ல் தந்தை வென்றார். மேல்முறையீட்டிலும் அவருக்கே வெற்றி. ஆனால் 1914 மே மாதம், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. வழக்குத் தொடுத்தபோது பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்தார்கள்; எனவே செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றது. அவர்கள் வழக்கில் சேர்க்கப்படவில்லை, அவர்கள் விருப்பம் அறியப்படவும் இல்லை என்றும் சுட்டிக்காட்டியது. கூடவே இன்னொன்றும் சொன்னது: தகப்பனின் காவல் பொறுப்பு புனிதமானது, அதை ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிட முடியாது, ஆனால் ஒப்படைத்ததை நம்பிப் பிள்ளை ஒரு வாழ்க்கையில் வேர்விட்டிருந்தால், தகப்பன் திரும்பக் கேட்பதையும் நீதிமன்றம் தடுக்கலாம்.

இங்கே சட்டம் ஒரு தத்துவத்தைத் தொட்டுவிடுகிறது. நிலத்துக்குப் பட்டா உண்டு. பிள்ளைக்குக் கிடையாது. பெற்றவர் கையில் இருப்பது சிறிது காலத்துக்கான பொறுப்பு, அவ்வளவே. கிருஷ்ணமூர்த்தியே இதற்குச் சாட்சி. 1929 ஆகஸ்டில், ஹாலந்தின் ஓமனில், தனக்காகவே நிறுவப்பட்ட விண்மீன் சங்கத்தைத் தாமே கலைத்தார். தந்தை கேட்ட மகனாகவும் இல்லை, பெசன்ட் எதிர்பார்த்த குருவாகவும் இல்லை.

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதிப் பார்க்கலாம் என்று அதன் 17-ஆம் பிரிவு கூறுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டமும் குழந்தையின் நலனையே முதலில் வைக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. 1973-ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று அழுத்திச் சொன்னது.

ஆனாலும் குடும்பநல நீதிமன்றத்தில் தாக்கலாகும் பல மனுக்கள் கணவன் மனைவி குற்றப் பட்டியலாகவே நீள்கின்றன. பிள்ளை எந்த வகுப்பு, யாரோடு தூங்கிப் பழக்கம், எதற்குப் பயப்படும் என்பதற்கு ஒரு பத்திகூட இருக்காது. அம்மாவா அப்பாவா என்று கூண்டில் நிறுத்திக் கேட்பதும் கொடுமைதான். நீதிபதி தன் அறையில், பெற்றோர் இல்லாமல், நிதானமாகப் பேசுவது வேறு.

கஸ்டடி மனு போடப் போகிறவர்கள் வக்கீலிடம் முதலில் பிள்ளையின் அன்றாடத்தைச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த வயது என்றால், நீதிபதி அவனையோ அவளையோ தனியே சந்திக்க வேண்டும் என்று முதல் வாய்தாவிலேயே கேளுங்கள்.