தடுக்கி விழுந்த பிள்ளைகளுக்காக நின்ற குத்பா



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! மாடியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

இன்றைய ஜும்ஆவில் நம் வீடுகளில் இப்போதுதான் நடை பழகும் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, இதற்கு ஒரு ஜும்ஆவா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் இந்த விஷயத்துக்காகத் தம் குத்பாவையே நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மிம்பரை விட்டு இறங்கிய நபி (ஸல்)

புரைதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூத், திர்மிதி, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் வந்திருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று குத்பா நிகழ்த்திக் கொண்டிருக்கிறார்கள். அப்போது பேரப்பிள்ளைகள் ஹஸன் (ரலி), ஹுஸைன் (ரலி) இருவரும் சிவப்புச் சட்டை அணிந்தபடி பள்ளிக்குள் வருகிறார்கள். வரும்போதே தடுக்கி விழுகிறார்கள், எழுகிறார்கள், மறுபடியும் தடுக்குகிறார்கள்.

நபியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மிம்பரிலிருந்து இறங்கினார்கள். இருவரையும் தூக்கிக்கொண்டு வந்து தமக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். செல்வமும் பிள்ளைகளும் ஒரு சோதனை என்று அல்லாஹ் சொன்னது உண்மைதான் என்றார்கள். இந்த இரண்டு பிள்ளைகளும் தடுக்கித் தடுக்கி வருவதைப் பார்த்துத் தம்மால் பொறுக்க முடியவில்லை, அதனால்தான் பேச்சை நிறுத்தி இவர்களைத் தூக்கி வந்தேன் என்ற கருத்தில் மக்களுக்கு விளக்கமும் சொன்னார்கள். அதன் பிறகு குத்பாவைத் தொடர்ந்தார்கள்.

அன்பானவர்களே! அந்தப் பள்ளி நிறைய ஸஹாபாக்கள் அமர்ந்திருந்தார்கள். நபியவர்கள் ஒரு சைகை காட்டியிருந்தால் பத்துப் பேர் ஓடி வந்து அந்தப் பிள்ளைகளைத் தூக்கியிருப்பார்கள். அப்படிச் செய்யவில்லை. தாமே இறங்கினார்கள். அதற்காகக் குத்பாவையும் கைவிட்டுவிடவில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கடமையை முடித்தார்கள். பிள்ளைகள் சோதனை என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. பிள்ளைக்காகக் கடமையை விட்டுவிடுகிறோமா, கடமையைக் காரணம் காட்டிப் பிள்ளையை விட்டுவிடுகிறோமா என்பதுதான் அந்தச் சோதனை.

நமக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மிம்பர் இருக்கிறது. ஒருவருக்குக் கடையின் கல்லாப்பெட்டி, ஒருவருக்குக் கையில் இருக்கும் செல்போன், ஒருவருக்கு ஊர்ப் பஞ்சாயத்து. பிள்ளை தத்தித் தத்தி நம்மை நோக்கி வருகிறது. நாம் இறங்குகிறோமா?

ஒவ்வோர் அடியும் ஓர் அருட்கொடை

நம்மைத் தாய்மார்களின் வயிற்றிலிருந்து ஒன்றுமே அறியாதவர்களாக வெளிப்படுத்தி, நாம் நன்றி செலுத்துவதற்காகக் கேள்வியையும் பார்வையையும் உள்ளத்தையும் தந்ததாக அல்லாஹ் ஸூரா அந்நஹ்லின் 78ஆவது வசனத்தில் நினைவூட்டுகிறான். ஸூரா அந்நூரின் 45ஆவது வசனத்தில், உயிரினங்களில் வயிற்றால் ஊர்ந்து செல்பவை, இரண்டு கால்களால் நடப்பவை, நான்கு கால்களால் நடப்பவை எல்லாம் இருப்பதை எடுத்துச் சொல்லி, தான் நாடியதைப் படைப்பவன் என்கிறான். அந்த வசனம் படைப்பினங்களின் வகைகளைப் பற்றியது. அதை ஓதும்போது நம் பிள்ளையையும் சற்று எண்ணிப் பாருங்கள். குப்புற விழுந்து வயிற்றால் நகர்ந்தது. பிறகு கையும் காலும் ஊன்றித் தவழ்ந்தது. பிறகு சுவரைப் பிடித்து நின்றது. ஒருநாள் பிடித்த கையை விட்டுவிட்டு இரண்டு காலில் வந்தது. ஒரே வருடத்துக்குள் அல்லாஹ் நம் கண் முன்னால் நிகழ்த்திக் காட்டும் அற்புதம் இது.

இந்த நடைக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 முதல் 19 மாதம் வரையுள்ள பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து எண்ணிப் பார்த்தார்கள். 2012ஆம் ஆண்டு அந்த ஆய்வு வெளியானது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கிறது ஒரு பிள்ளை. அந்த ஒரு மணி நேரத்தில் 17 முறை விழுகிறது. பதினேழு முறையும் எழுந்துவிடுகிறது. நாம் ஒரு ஃபஜ்ர் தவறினால், இனி நமக்கு ஒத்து வராது என்று ஒரு வாரம் படுத்துவிடுகிறோம். பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் சறுக்கினால், அல்லாஹ்விடம் எந்த முகத்தோடு போவது என்று ஒதுங்கிவிடுகிறோம். விழுந்த பிள்ளை யாரை நோக்கிக் கையை நீட்டுகிறது? தன்னைத் தூக்கக்கூடியவரை நோக்கித்தான். நம் இரட்சகன் ஒரு தாய் தன் பிள்ளை மீது காட்டும் இரக்கத்தைவிட அதிக இரக்கம் உள்ளவன் என்று நபியவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

எங்கே விழ விடலாம், எங்கே விடக் கூடாது

அன்பு என்ற பெயரில் பிள்ளையைக் கீழேயே விடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தால் அது நடக்காது. தரையில் விட வேண்டும். பாயில் பொத்தென்று உட்காரும், அழும், எழும். அந்தச் சின்ன விழுதலை அல்லாஹ் அதற்குப் பாடமாக வைத்திருக்கிறான்.

நம் முன்னோர்கள் மரத்தில் மூன்று சக்கரம் வைத்த நடைவண்டி தந்தார்கள். பிள்ளை தன் காலில் நின்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். இன்று நாம் வாங்கித் தருவது, பிள்ளையை உள்ளே உட்கார வைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் வாக்கர். வாக்கரில் வேகமாக ஓடும் பிள்ளை படிக்கட்டில் உருளும், அடுப்பங்கரையை எட்டிவிடும். நடப்பதற்கும் அது உதவுவதில்லை. அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். கனடா நாட்டில் 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

சின்ன விழுதலை அனுமதிக்கும் நாம், பெரிய ஆபத்தை விட்டுவைக்கக் கூடாது. குளியலறையில் ஒரு வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போதும். இந்த வயதுப் பிள்ளைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை பாரம் அதிகம். எட்டிப் பார்த்துத் தலைகீழாகக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது, சத்தம்கூட வராது. சோறு வடித்த கஞ்சிப் பாத்திரம் தரையில் இருக்கும். மேசை விரிப்பின் நுனி தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் மேலே இருக்கும் சூடான தேநீர் பிள்ளையின் முகத்தில்.

நபி (ஸல்) அவர்கள் இருட்டத் தொடங்கும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், கதவை அடைக்கச் சொன்னார்கள், பாத்திரங்களை மூடச் சொன்னார்கள், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டார் மீது தீ வைத்துவிடலாம் என்று விளக்கை அணைக்கச் சொன்னார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. வீட்டில் வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே பார்த்து அடைப்பது சுன்னத். இன்று வீட்டுக்குப் போனதும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். கவனிக்காமல் இருந்துவிட்டு, நடந்த பிறகு விதி என்று சொல்வது தவக்குல் ஆகாது.

இதைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆண்கள் நினைக்க வேண்டாம். நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். நடக்கும் பிள்ளையின் பின்னாலேயே குனிந்து குனிந்து நடக்கும் தாயின் முதுகைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் நீங்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவளை நிம்மதியாகத் தொழ விடுங்கள்.

நம் ஊரில் எத்தனையோ சகோதரர்கள் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். பிள்ளையின் முதல் அடியை அவர்கள் பார்ப்பது வீடியோ காலில்தான். ஹலாலான சம்பாத்தியத்துக்காக அவர்கள் தாங்கும் பிரிவுக்கு அல்லாஹ் கூலி தருவானாக. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பிடித்து நடக்க ஒரு விரல் இங்கே வேண்டுமே! சித்தப்பாமார்களே, மாமாமார்களே, அந்த விரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

பிந்தி நடக்கும் பிள்ளை

சகோதரர்களே! ஒரு தாயின் மனதை நொறுக்கும் பேச்சு நம் வீடுகளில் நடக்கிறது. "என் பேத்தி பத்து மாசத்திலேயே ஓடினாள், உன் பிள்ளை இன்னும் உட்கார்ந்திருக்கிறதே!" என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளின் பிள்ளைகளைக் கவனித்து, தானாக நடக்கும் வயது ஏறத்தாழ 8 மாதம் முதல் 18 மாதம் வரை எங்கு வேண்டுமானாலும் அமையலாம் என்று சொல்லியிருக்கிறது. பத்து மாத இடைவெளியை அல்லாஹ் வைத்திருக்கிறான். நாம் ஏன் ஒரு மாதக் கணக்கில் ஒரு பெண்ணை அழ வைக்கிறோம்?

18 மாதம் கடந்தும் நடக்கவில்லை என்றால், அல்லது ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்ந்திருந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கயிறு கட்டிவிட்டு ஒரு வருடம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். மருந்து இல்லாமல் அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை என்பது நபிமொழியின் கருத்து. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதைக் கண்டறிந்து பயிற்சி தரும் வசதி இருக்கிறது. சீக்கிரம் போனால் பலன் அதிகம்.

சில பிள்ளைகள் நடக்காமலேயே போகலாம். அவர்களை மறைத்து வைக்காதீர்கள். அம்ரு இப்னுல் ஜமூஹ் (ரலி) அவர்கள் கால் ஊனமுற்றவர்கள். உஹுதுக்கு வர வேண்டாம் என்று சொந்தப் பிள்ளைகளே தடுத்தார்கள். இந்த ஊனக் காலோடு சொர்க்கத்தை மிதிக்க விரும்புகிறேன் என்ற ஆசையோடு போனார்கள், ஷஹீதானார்கள். அல்லாஹ்விடம் ஒருவருடைய தகுதி காலின் பலத்தில் இல்லை.

பள்ளியில் பிள்ளைகள்

பள்ளிக்கு வந்த பிள்ளை ஸஃபுக்கு நடுவே ஓடினால், தொழுகை முடிந்ததும் நாலு பேர் திரும்பி அந்தத் தந்தையை முறைக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமா (ரலி) அவர்களைத் தோளில் சுமந்தபடி தொழுதார்கள். ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கி வைத்தார்கள், எழும்போது தூக்கிக்கொண்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பிள்ளை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய்க்குச் சிரமமாக இருக்குமே என்று தொழுகையையே சுருக்கினார்கள்.

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. பிள்ளையைச் சுத்தமாகக் கொண்டுவாருங்கள், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறி அழுதால் சற்று வெளியே அழைத்துச் செல்லுங்கள். மற்றவர்கள் ஒரு புன்னகையாவது தாருங்கள். பள்ளியில் முதல் அடி வைத்த நாளில் வசவு கேட்ட பிள்ளை, இருபது வயதில் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று பிறகு நாம் கேட்க முடியுமா?

மீண்டும் தளரும் கால்கள்

கடைசியாக ஒன்று. அல்லாஹ் ஸூரா அர்ரூமின் 54ஆவது வசனத்தில், நம்மைப் பலவீனத்திலிருந்து படைத்து, பலவீனத்துக்குப் பின் பலத்தைத் தந்து, பலத்துக்குப் பின் மறுபடியும் பலவீனத்தையும் நரையையும் தருவதாகச் சொல்கிறான். இரண்டு தளர்ச்சிக்கும் நடுவில் நாம் நிற்கிறோம். நம் வீட்டில் ஒரு முனையில் பேரன் சுவரைப் பிடித்து நடக்கிறான். மறு முனையில் அவனுடைய பாட்டனாரும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்.

பிள்ளை விழுந்தால் ஓடிப் போய்த் தூக்குகிறோம், எழுந்து நின்றால் கை தட்டுகிறோம். வாப்பா தடுக்கினால் என்ன சொல்கிறோம்? "பார்த்து நடக்கக் கூடாதா? பேசாமல் ஒரு இடத்தில் உட்காருங்களேன்!" நாம் விழுந்தபோது அவர் அப்படிச் சொல்லியிருந்தால் நாம் இன்று நடந்திருப்போமா? சிறுவனாக இருந்தபோது என்னை அவர்கள் வளர்த்தது போல் அவர்களுக்கு இரக்கம் காட்டு என்று துஆ கேட்க அல்லாஹ் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறான். அந்த துஆவைக் கேட்கும் நாவு, உம்மா வாப்பாவின் மெதுவான நடைக்காகத் திட்டலாமா? பேரனுக்கு வாக்கர் வேண்டாம். பாட்டனாருக்குத் தேவை என்றால் வாங்கிக் கொடுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்கள். பஜாருக்கு அழைத்துப் போனால் அவர்களின் வேகத்துக்கு உங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பூமியில் பெருமையடித்து நடக்காதே என்று லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு உபதேசம் செய்ததைக் குர்ஆன் சொல்கிறது. இந்தக் கால்கள் ஒரு காலத்தில் நிற்கவே தெரியாமல் இருந்தவை. மறுமையில் நமக்காகவோ நமக்கு எதிராகவோ சாட்சி சொல்லப் போகிறவையும் இவைதான். அவை பள்ளியை நோக்கி நடந்தன, பெற்றோரைத் தாங்கி நடந்தன, பிள்ளைக்காக இறங்கி வந்தன என்று சாட்சி சொல்லட்டும்.

யா அல்லாஹ்! நடை பழகும் எங்கள் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளை விட்டும் பாதுகாப்பாயாக! நடக்க முடியாத பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும் அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும் தருவாயாக! பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியருக்கு ஸாலிஹான குழந்தைச் செல்வத்தைத் தருவாயாக! தளர்ந்துவிட்ட எங்கள் தாய் தந்தையருக்கு நாங்கள் ஊன்றுகோலாக இருக்கும் பாக்கியத்தைத் தருவாயாக! எங்கள் பாதங்களை உன் மார்க்கத்தில் உறுதிப்படுத்துவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.