ஆற்றில் முழுகி வந்த பாட்டு

பூசையில் பாஞ்சோ வாசிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில், வேண்டாம் என்பதுதான். உடனே அவர்கள் முகம் வாடிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவின் வெர்ஜீனியா மலைப்பக்கம் ப்ளூகிராஸ் என்னும் மலைநாட்டு இசை வாசிக்கப் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கோவிலில் பாடகர் குழுவில் நிற்கிறவன், இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பான் என்று எதிர்பார்க்கிறார்கள். சேர்க்கத்தான் பார்க்கிறேன். பீடத்துக்கு முன்னால் அல்ல, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் துணை ஒரு விசித்திரக் கூட்டணி. 13ஆம் நூற்றாண்டின் தோமினிக்கன் துறவி அக்குவினா தோமையார், கடவுளைப் புகழப் பாட்டு தேவையா என்ற கேள்வியைத் தம் பெரிய இறையியல் நூலில் எடுத்துக்கொள்கிறார். தேவை என்கிறார். செவிக்குக் கிடைக்கும் இன்பத்தால் பலவீனமான மனசும் பக்திக்கு எழும் என்று அகுஸ்தினாரைச் சாட்சிக்கு அழைக்கிறார். ஆனால் யாழும் குழலும் என்று வரும்போது கையை விரித்துவிடுகிறார். கருவி மனசைச் செம்மைப்படுத்துவதைவிட இன்பத்தின் பக்கம்தான் இழுக்கும், பழைய ஏற்பாட்டு மக்கள் முரடர்களாக இருந்ததால் அவர்களுக்கு அது தேவைப்பட்டது என்பது அவர் கட்சி. (இந்தக் கடைசிக் காரணம் இன்று படிக்கும்போது உறுத்துகிறது.)

ரால்ஃப் ஸ்டான்லி பிறந்து வளர்ந்த தென்மேற்கு வெர்ஜீனியாவில், பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபைகளின் தீர்ப்பும் இதுவே. கோவிலுக்குள் கருவி கிடையாது. ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். சபை அதை மெதுவாக இழுத்து, வளைத்து, சேர்ந்து பாடும். உலகம் அறிந்த பாஞ்சோக்காரர் ஸ்டான்லி. அவர் சேர்ந்த சபையின் வழிபாட்டில் பாஞ்சோவுக்கு இடமில்லை. மேடையில்கூட அந்த மரியாதையின் மிச்சம் இருந்தது. 1945 இறுதியில் மாண்டலின்காரர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து, மூன்று விரல் வாசிப்பால் ப்ளூகிராஸுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். பின்னால் லெஸ்டர் ஃப்ளாட்டோடு தனிக்குழு நடத்தியபோது, நால்வர் சேர்ந்து பாடும் பக்திப் பாட்டு வந்தால் அவர் பாஞ்சோவை வைத்துவிட்டுக் கிடாரை எடுப்பது வழக்கம்.

திருச்சபைச் சட்டம் என்னைவிடத் தாராளமானது. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பியானோவையும் மேளத்தையும் கோவிலுக்குள் தடுத்தார் என்பது உண்மை. ஆனால் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிரகோரியன் பாட்டுக்கும் குழாய் ஆர்கனுக்கும் முதல் மரியாதை செய்துவிட்டு, பொருத்தமான மற்றக் கருவிகளுக்கும் வழி விட்டது. என் மறுப்புக்குக் காரணம் விரலில் இருக்கிறது. பாஞ்சோவில் தட்டிய ஸ்வரம் அடுத்த கணமே செத்துவிடும். அதனால் விரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நற்கருணை எழுந்தேற்றத்தின்போது அந்த ஓட்டம் எதற்கு?

ஆகவே கேள்வி கோவிலுக்கு வெளியே வருகிறது. பூசை முடிந்தபின், ஒரு கடையின் மர மேடையில், நாலு பாப்டிஸ்டுகள் நடுவே நிற்கும் கத்தோலிக்கன், அவர்களுடைய இசையில் தன் விசுவாசத்தைப் பாட முடியுமா?

முடியும் என்று வெள்ளை அங்கியோடு மேடை ஏறிய துறவிகள் உண்டு. வாஷிங்டன் நகரில் தோமினிக்கன் சபையின் படிப்பு இல்லத்தில் இருந்தவர்கள் பொழுதுபோக்காக வாசிக்கத் தொடங்கி, ‘ஹில்பில்லி தோமிஸ்ட்ஸ்’ என்ற குழுவானார்கள். 2017இல் முதல் இசைத்தட்டு. அதில் பெரும்பாலும் பழைய பாட்டுகள்; 2021இல் வந்த இரண்டாவதில் பெரும்பாலும் அவர்களே எழுதியவை. 2023இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடை. பாஞ்சோ வாசிக்கும் தாமஸ் ஜோசப் வைட் சாதாரண ஆள் இல்லை. கிறிஸ்துவின் மனித அவதாரத்தைப் பற்றிக் கனமான நூல்கள் எழுதியவர், 2021இல் ரோமில் ஆஞ்சலிக்கும் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர்.

குழுவின் பெயர் ஃபிளானரி ஓ'கானரிடம் வாங்கியது. ஜார்ஜியாவின் மில்லெட்ஜ்வில் ஊரில் வாழ்ந்து 39 வயதில் இறந்துபோன கதாசிரியை, கத்தோலிக்கர். தன்னை மலைக்காட்டு நம்பிக்கையற்றவள் என்று நினைத்தவர்களுக்கு, நான் மலைக்காட்டு அக்குவினாக்காரி (ஹில்பில்லி தோமிஸ்ட்) என்று 1955இல் ஒரு கடிதத்தில் பதில் சொன்னார். தூங்கும் முன் தோமையாரின் நூலைப் படிக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. ஆனால் 1952இல் வந்த ‘வைஸ் பிளட்’ நாவலின் நாயகன் தெருவில் கார் மேல் ஏறி நின்று கத்தும் ஒரு புராட்டஸ்டண்ட் பிரசங்கி வீட்டுப் பிள்ளை. செபமாலை உருட்டும் கத்தோலிக்கனுக்கு அந்தக் கதையில் வேலை இல்லை. தன் விசுவாசத்தைச் சொல்ல அடுத்த சபைக்காரனின் ரத்தச் சூடு அவருக்கு வேண்டியிருந்தது. என் நிலையும் அதுதான்.

ஆனால் ப்ளூகிராஸை வெறும் பாத்திரம் என்று நினைத்து, உள்ளே எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று வருகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இந்த இசைக்கென்று ஒரு விசுவாசப் பிரமாணம் இருக்கிறது. பாடுகிறவன் தனியாக நடக்கிறான். ஒருநாள் ஒரு கணத்தில் இரட்சிக்கப்பட்டான். வீடு ஆற்றுக்கு அக்கரையில். நடுவில் அப்பமும் இல்லை, புனிதர்களும் இல்லை. கவனித்துக் கேட்டால் ஒன்று புலப்படும்: மரியாளைப் பாடாத இந்த மலைக்காரர்கள் அம்மாவைப் பாடாமல் இருந்ததே இல்லை. வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, மகனுக்காக முழங்காலில் நிற்கும் அம்மா, அக்கரையில் காத்திருக்கும் அம்மா. நாங்கள் ஒரு பெரிய அம்மாவிடம் ஒப்படைத்த வேலைகளை இங்கே ஒவ்வொரு வீட்டு அம்மாவும் செய்துகொண்டிருக்கிறாள்.

நான் யு. ஸ்ரீனிவாஸின் கேசட்டுகளைக் கேட்டு மாண்டலின் பிடித்தவன். அவருடையது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்கருவி. மன்றோவிடம் இருந்தது 1923இல் செய்யப்பட்ட கிப்சன். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி. கமகத்துக்கு இடம் குறைவு, வெட்டுக்கு இடம் அதிகம். மேளம் இல்லாத இந்தக் குழுக்களில் தாளத்தின் மறுதட்டை மாண்டலின்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வெட்டு கைக்கு வந்தபின், அம்மாவின் நினைவுக்காக ஒரு நவம்பரில் ஆங்கிலத்தில் ஒரு பாட்டு எழுதினேன். நவம்பர் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். அக்கரை போன அம்மாவுக்காக மகன் இக்கரையில் மன்றாடுகிறான் என்பது பாட்டின் பொருள். மெட்டு மலைமெட்டு.

எங்கள் குழுவில் பாஞ்சோ வாசிப்பவர் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். கடைசி வரை தலையாட்டிக் கேட்டார். பிறகு, “உங்க அம்மா விசுவாசிதானே?” என்றார்.

“விசுவாசிதான்.”

“அப்போ ஏன் இன்னும் போய்ச் சேரலை?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே என் அம்மாவைப் பற்றிக் கவலைப்பட்டுத்தான் கேட்டார். அவருடைய பாட்டு உலகத்தில் அம்மாதான் மகனுக்காக ஜெபிப்பாள். செத்த பிறகு அவளுக்கு நம் ஜெபம் தேவைப்பட்டால் அது அவமானம்.

விளக்கவுரை சொன்னால் ப்ளூகிராஸ் தாங்காது. பாட்டைத் திருப்பி எழுதினேன். அம்மா இறந்தபின் மகன் ஊர் மளிகைக்கடைக்குப் போகிறான். அவள் பெயரில் நிற்கும் கணக்கைக் கேட்டுத் தீர்த்துவிட்டு வருகிறான். அவ்வளவுதான் கதை. ஒருவர் அன்பினால் இன்னொருவரின் கடனைத் தீர்க்கலாம் என்பது தோமையாரிடமே இருக்கிற கருத்து. நிலக்கரிக் கம்பெனிகளின் கடையில் கடன் வைத்தே வாழ்ந்த தாத்தாக்களின் பேரன்கள் இங்கே இருக்கிறார்கள். கடைக்கணக்கு என்றால் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கன் இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடிந்ததும், “எல்லாக் கடனையும் சிலுவையில தீர்த்தாச்சு, அதை மறந்துடாதீங்க” என்றார். “பாட்டு நல்லாயிருக்கு” என்றும் சொன்னார். இரண்டும் அவருடைய உண்மையான கருத்து. நாங்கள் அதற்குமேல் ஒத்துப்போகவில்லை, போகவும் மாட்டோம்.

இங்கேதான் பழைய முன்னுதாரணங்கள் கைகொடுப்பதில்லை. தோமையார் நற்கருணைத் திருநாளுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் ‘பாஞ்சே லிங்குவா’வின் சந்தம், ஒரு காலத்தில் ரோமானியச் சிப்பாய்கள் நடைபோட்டுப் பாடிய சந்தம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் சூசையப்பரைப் பாடத் தமிழ்க் காப்பிய மரபை எடுத்துக்கொண்டார். சமணரின் சிந்தாமணி அவருக்கு முன்னால் இருந்தது. அந்த வடிவங்களில் கிறிஸ்து ஆரம்பத்தில் இல்லை. பிறகுதான் கொண்டுபோய் வைத்தார்கள். ப்ளூகிராஸில் அவர் முதலிலேயே இருக்கிறார். அருள் இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்று தோமையாரைச் சொல்லி, இந்த இசையைக் கத்தோலிக்கமாக்கப் புறப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இது வெறும் இயல்பு அல்ல, ஆற்றில் முழுகி எழுந்து வந்த பாட்டு. ஸ்டான்லியே முதுமையில்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் முறையாகக் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. பாப்டிஸ்ட் ஒருவர் எங்களிடம் வந்தால் மறுபடி கொடுப்பதில்லை. (நான் அந்தப் பக்கம் போனால் டீக்கன் என்னை ஆற்றில் முக்காமல் விடமாட்டார். குழந்தையில் தெளித்த தண்ணீர் அவருக்குக் கணக்கில்லை.) ஆளுக்குக் காட்டும் இந்த மரியாதையைப் பாட்டுக்கும் காட்ட வேண்டும் என்பதுதான் என் வாதம். இரண்டாம் முழுக்கு வேண்டாம்.

அப்படியென்றால் கத்தோலிக்கன் இங்கே எதற்கு வரவேண்டும்? நாங்கள் தொலைத்த ஒன்று இங்கே கிடக்கிறது. நூற்றாண்டுகளாக எங்கள் அடக்கப் பூசையில் ‘தீயெஸ் ஈரே’ என்ற இறுதித் தீர்ப்பின் பாட்டு இருந்தது. வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்திய சீர்திருத்தத்தில் அதை அடக்கப் பூசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பயத்தைக் குறைத்து நம்பிக்கையைக் கூட்ட வேண்டும் என்பது நோக்கம். தப்பான நோக்கம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்று அடக்கத்தில் பாடும் இதமான ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டால், செத்தவர் வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் தோன்றும். 2000இல் வந்த கோயன் சகோதரர்களின் படத்தில் ஸ்டான்லி கருவியே இல்லாமல் மரணத்தோடு பேசிய பாட்டு 2002இல் கிராமி வாங்கியது. எழுபது கடந்த மனிதர், ஆறுதல் ஒன்றும் சொல்லாமல், சாவிடம் இன்னும் ஒரு வருஷம் கெஞ்சுகிறார். நாங்கள் கழற்றி வைத்த பயத்தை மலைக்காட்டு பாப்டிஸ்டுகள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

தோமினிக்கன் துறவிகளின் இசைத்தட்டுகளைப் பற்றியும் இதை வைத்தே தீர்ப்புச் சொல்வேன். பழைய பாட்டுகளைப் பாடும்போது அவர்கள் நல்ல விருந்தாளிகள். குரல் கொஞ்சம் சுத்தமாக, படிப்பு தெரிய இருக்கிறது. சொந்தப் பாட்டுகளில்தான் துணிச்சல் வருகிறது. வேடிக்கையும் பாவமும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் உட்காருகின்றன. அங்கே யாரையும் மதம் மாற்றும் வேலை நடக்கவில்லை.

என்னைப்போல் கோவில் பாடகர் குழுவில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துறவிகளிடம் போவதற்கு முன்னால் ஸ்டான்லியைக் கேளுங்கள். பாப்டிஸ்ட் பாட்டை எடுத்தால் அவர்கள் பாடுவதுபோலவே பாடுங்கள், ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். மரியாளைப் பாட வேண்டுமென்றால் புதிதாக ஒன்று எழுதுங்கள்.