பாதியில் மடித்து வைத்த பக்கம்

தொடங்கிய நூலை முடித்தே ஆக வேண்டுமா? சிறிய கேள்வியாகத் தோன்றினும் இதற்குள் ஓர் அறச்சிக்கல் அடங்கியிருக்கிறது. நெடிய நாவல் ஒன்றை ஆவலுடன் எடுத்து, முந்நூறாம் பக்கத்தில் அடையாளத் துண்டு வைத்து, பின் மாதக்கணக்கில் திறவாமல் விட்டிருப்போர் நம்மில் பலர். அலமாரியில் அந்நூலைக் காணும்போதெல்லாம் மனம் சற்றே குறுகுவது ஏன்?

ஓசூர்ப் பகுதியில் இக்கேள்விக்குக் கூடுதல் பொருளுண்டு. சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த இவ்வூரில், 1980களில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் எழுந்தது. காலங்காட்டும் கருவியைச் செய்யும் ஊரில் காலமே அரிய பொருளாகிவிட்டது. ஷிப்டு மாறி ஷிப்டு உழைப்போரும், நாள்தோறும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூரு சென்று திரும்புவோரும் ஆயிரம் பக்கங்களுக்கு நேரத்தை எங்கே தேடுவார்கள்? களைத்த கண்களைப் பார்த்துக் குற்றஞ்சாட்டுவது அறமாகாது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, இதிகாசங்கள் இரண்டையும் ‘வியாசர் விருந்து’, ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என எளிய உரைநடையில் சுருக்கித் தந்தார். பின்னதற்கு 1958இல் சாகித்திய அக்காதெமி விருதும் கிடைத்தது. மூலத்தை எட்ட இயலாத எத்தனையோ இல்லங்களுக்கு அவை வழித்துணையாயின. ஆகவே சுருக்கம் இழிவானதன்று. எனினும் சுருக்கும்போது எது எஞ்சுகிறது, எது உதிர்கிறது என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழுக்குத் தந்தார். 1950இல் அப்பெயரிலேயே திரைப்படமும் வந்தது. மூலநூலோ ஐந்து பாகங்களும் 365 அத்தியாயங்களும் கொண்டது. கதை விரையும் வேளையில் வாட்டர்லூப் போர் 19 அத்தியாயங்களுக்கு விரிகிறது. பாரிசின் கழிவுநீர்ச் சுரங்கங்களின் வரலாறு குறுக்கிடுகிறது. வாசகர் சோர்ந்து நிற்பதில் வியப்பில்லை. ஆசிரியரே 1845இல் தொடங்கி, 1848இன் அரசியல் கொந்தளிப்பில் நிறுத்தி, 1860இல்தான் மீண்டும் அதைக் கையில் எடுத்தார்.

வெள்ளிப் பொருள்களைத் திருடிச் சென்ற ழான் வல்ழானைக் காவலர் பிடித்து வந்தபோது, அவற்றைத் தாமே கொடுத்ததாகக் கூறி, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்தளித்த ஆயர் மிரியேலை நாம் அறிவோம். ஆனால் வல்ழான் கதைக்குள் நுழையுமுன், முதல் 14 அத்தியாயங்களும் அந்த ஆயரைப் பற்றியவையே. பொறுமை இழந்தவர்கள் தாண்டிச் செல்லும் பக்கங்கள் அவை. அங்கே அவர் தம் மாளிகையை நோயாளருக்கு விட்டுக்கொடுத்து, சிறிய மருத்துவமனைக் கட்டடத்தில் குடியேறுகிறார். 15,000 லிவர் ஊதியத்தில் ஆயிரத்தை மட்டும் தமக்கென வைத்துக்கொள்கிறார். மரண தண்டனை பெற்றவனுடன் கொலைக்களம்வரை நடக்கிறார். இறக்கும் தறுவாயிலுள்ள பழைய புரட்சியாளர் ஒருவரை உள்ளூர வெறுப்புடனே காணச் சென்று, முடிவில் அவர்முன் முழந்தாளிட்டு ஆசி கேட்கிறார்.

இவற்றைப் படியாதவருக்கு விளக்குத் தண்டுகளின் நிகழ்ச்சி ஒரு நொடி அற்புதமாகவே தோன்றும். படித்தவருக்கு அது பல்லாண்டுப் பழக்கத்தில் பழுத்த கனி என்பது விளங்கும். மன்னிப்பு வெளிப்பட ஒரு கணம் போதும். அது உருவாக ஓர் ஆயுள் வேண்டும். சுருக்கம் இதனை நமக்குச் சொல்லிவிடலாம். நம்மை அந்த ஆண்டுகளினூடே நடத்திச் செல்ல நீண்ட நூலால்தான் இயலும்.

அப்படியாயின் நம் கடமை யாது? முடித்துவிட்டேன் என்னும் பெருமைக்காகப் பக்கங்களை விழுங்குவது, ஆலையின் உற்பத்திக் கணக்கை வாசிப்பிலும் புகுத்துவதாகும். நெஞ்சோடு ஒட்டாத நூலை மூடிவைக்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் பாதி படித்த நூலுக்கு முழுத் தீர்ப்பு வழங்கவோ, நம் களைப்பை அந்நூலின் குறையாக எண்ணவோ உரிமையில்லை. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்றால், ஹ்யூகோவின் நூல் சரியாக ஓராண்டில் முடிந்துவிடும். மெல்ல நடப்பவரும் ஊர் போய்ச் சேருவர்.

இப்பொறுமையின் உண்மையான சோதனை நூலகத்திற்கு வெளியே காத்திருக்கிறது. 19 ஆண்டுச் சிறைவாசி என்ற ஒரே பக்கத்தைப் படித்துவிட்டு விடுதிகள் வல்ழானுக்குக் கதவடைத்தன. எஞ்சிய பக்கங்கள் இன்னும் எழுதப்படவில்லை என்று நம்பியவர் ஆயர். வேலை தேடி வேற்று மாநிலங்களிலிருந்து ஓசூரில் வந்திறங்கும் இளைஞரின் முகத்தில் நாம் எத்தனை பக்கம் படிக்கிறோம்? மொழி புரியவில்லை என்று முதல் பக்கத்திலேயே மூடிவிடுகிறோமா? வாடகை வீடு கேட்டு அவர் வாசலில் நிற்கும்போது, நாம் எத்தகைய வாசகர் என்பது தெரிந்துவிடும்.