யாரைக் கேட்டு?

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி போன மாதம் என்னைப் பேட்டி எடுத்தாள். படிப்புக்காக நாடு கடக்கும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு. நான் ஏழு வயதிலிருந்து ஆறு வருடம் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் சிங்கப்பூர் பள்ளிக்குப் போய் வந்தவன். அப்பாவுக்கு அங்கே வேலை. விடியற்காலை நாலரைக்கு வேன் வந்துவிடும். 1924இல் திறந்த கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுதான் அதிகம். கடக்க சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு எட்டுக்கே படுத்துவிடுவேன். பாட்டி கதை சொன்னதெல்லாம் தம்பிக்குத்தான்.

"போறியான்னு உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றாள் தோழி.

கேட்கவில்லை. "ஆனா எனக்கு நல்லதுதானே நடந்துச்சு?"

"நிறைய பேர் இதைத்தான் சொல்றாங்க" என்று எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு அது உறுத்தியது. நல்லது நடந்தது என்று சொல்வது யார்? அந்த வேனில் ஏற்றப்பட்டு வளர்ந்தவன். ஏற்றாமல் விட்டிருந்தால் இன்னொருவன் வளர்ந்திருப்பான். அவனும் தன் வாழ்க்கையை நல்லதென்றே சொல்லியிருக்கலாம். ஒரு முடிவு உருவாக்கிய ஆளையே அந்த முடிவுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால் வேறென்ன சொல்வான்?

அப்பாவைக் குறை சொல்லவில்லை. வெள்ளி ரிங்கிட்டைவிட அதிகம் போகும்போது எந்த அப்பாவும் அக்கரையைத்தான் பார்ப்பார். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதும் நியாயமான கேள்விதான்.

ஆனால் தோழி ஒரு பிள்ளையிடம் அரை மணி நேரம் பேச வேண்டுமென்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாதாம். பிள்ளையும் சரியென்று சொல்ல வேண்டும்; நடுவில் வேண்டாமென்றால் நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரத்துக்கு இவ்வளவு. ஆறு வருடத்துக்கு ஒன்றுமில்லை. 1989இன் ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையும், முடிவைப் பிள்ளையிடம் விட்டுவிடச் சொல்லவில்லை. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளை சொல்வதை, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கத்தான் சொல்கிறது. மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் 1995இல் அதை ஏற்றன.

அடுத்த வருடம் அக்கா மகளுக்கும் அதே பாலம்தான். போன வாரம் அவளிடம் கேட்டுப் பார்த்தேன்.

கொஞ்சம் யோசித்து, "வேன்ல பக்கத்துல யார் மாமா உட்காருவா?" என்றாள்.

அக்காவும் மாமாவும் கட்டணம், தேர்வு, எதிர்காலம் எல்லாம் கணக்குப் போட்டிருந்தார்கள். இதற்கு மட்டும் அவர்களிடம் பதில் இல்லை. இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.