பற்றுப் புத்தகத்தில் யார் பெயர்?



2020-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு அமுலுக்கு வந்ததை நம்மில் யார் மறப்பார்? ஜும்ஆவும் நின்றது. மளிகைக் கடைகள் திறந்திருந்தன. ஆகவே தஞ்சோங் ரம்புத்தானின் பசியை முதலில் கண்டவர்கள் வியாபாரிகளாகிய நாம்தாம்.

அம்மாதம் 27-ந் தேதி அரசாங்கம் உதவித்தொகை அறிவித்தது. மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பத்துக்கு 1,600 வெள்ளி, ஏப்ரலிலும் மே மாதத்திலும் இரு தவணையாக. நல்ல காரியம். ஆனால் பணம் குடும்பத் தலைவர் என்று பதிவானவரின் கணக்குக்குப் போயிற்று. அவர் பெரும்பாலும் கணவர். ஒற்றுமையாக வாழும் வீட்டில் இதனால் கெடுதியில்லை. வீட்டை மறந்து வேறு ஊரில் தங்கிவிட்டவர் விஷயம் என்ன?

அந்த ரமலானில் ஓர் அம்மா நம் கடைக்கு வந்து 5 கிலோ அரிசி கடனாகக் கேட்டார். பற்றுப் புத்தகத்தைப் புரட்டினோம். கணக்கு கணவர் பெயரில், பழைய பாக்கியோடு இருந்தது. “காசு வந்திருக்குமே, வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொண்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டோம். ஒன்றும் பேசாமல் போனார். வீட்டுக்காரர் இரண்டு மாதமாக அந்தப் பக்கமே வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நோன்பு வைத்துக்கொண்டு நாம் சொன்ன பதில் இது!

அபூசுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், கணவர் வீட்டுச் செலவுக்குப் போதுமானது தருவதில்லையென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். பொறுத்துப் போகும்படி நாயகம் (ஸல்) அவர்கள் புத்தி சொல்லவில்லை. தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை, நியாயமான அளவில், கணவரின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். இது புகாரி கிரந்தத்தில் உள்ளது. மதரஸாவில் ஓதியவர்தாம் நாமும். நஃபகா புருஷன் போடும் பிச்சையல்ல, மனைவியின் ஹக்கு என்பது கல்லாவில் உட்கார்ந்ததும் மறந்துபோயிற்று.

மனைவிமார் நச்சரிக்காமல் டோரேமோன் குரலில் பேச வேண்டுமென்று அதே மார்ச் கடைசியில் மகளிர் அமைச்சு விளம்பரம் போட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. கடையில் எல்லோரும் சிரித்தோம். நம் பதில் மட்டும் அதைவிட மேலா?

நாம் அரிசி மூட்டை பங்கிட எழுதிய பட்டியலிலும் ஆண்கள் பெயரே முதலில். தலாக் ஆனவர்களும் இத்தாவில் இருந்தவர்களும் யாராவது நினைவூட்டிய பிறகே அதில் ஏறினார்கள். இனி ஒரு பட்டியல் எழுத நேர்ந்தால், அந்த வீட்டில் உலை வைப்பவர் யார் என்று கேட்டு எழுதுவோம்; மூட்டையை அவர் கையிலேயே கொடுப்போம்.

அந்த அம்மாவுக்கு நம் பற்றுப் புத்தகத்தில் இப்போது தம் பெயரிலேயே ஒரு பக்கம் இருக்கிறது. கையெழுத்தும் அவரே போடுகிறார். பழைய பாக்கியை அந்தப் பக்கத்துக்கு மாற்றவில்லை. அது அவர் கணவருடையது.