குடிபெயர்ந்த இடத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்



சொந்த ஊரை விட்டு நகரத்திற்குக் குடிபெயர்வோர் நம்மிடம் வந்து விசாரிப்பவை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் இருக்கும். வாடகை எவ்வளவு? அட்வான்ஸ் எத்தனை மாதம்? தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? பள்ளிவாசல் பக்கத்தில் உண்டா? இவை கேட்க வேண்டியவைதாம். ஆனால் பிள்ளைகளின் படிப்பு என்று வந்ததும் பேச்சின் தோரணையே மாறிவிடுகிறது. "நல்ல பெரிய ஸ்கூலா பாத்துச் சொல்லுங்க, ஹஜ்ரத்" என்கிறார்கள். பெரிய என்றால் எதில் பெரியது என்று கேட்டால், கட்டணத்தில் பெரியது என்பதைத் தவிர வேறு விளக்கம் அவர்களிடம் இருப்பதில்லை.

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தாரை, பயிர்பச்சை இல்லாத பள்ளத்தாக்கில் குடியமர்த்தியபோது அல்லாஹ்விடம் கேட்ட துஆ அருள்மறையில் இடம்பெற்றிருக்கிறது. அதன் கருத்தைக் கவனித்தீர்களா? முதலில் தொழுகையைச் சொல்கிறார்கள். அடுத்து, மனிதர்களின் உள்ளங்கள் தம் மக்கள்பால் சாய வேண்டும் என்கிறார்கள். உணவைக் கேட்பது அதற்குப் பிறகுதான். பாலைவனத்தில் நிற்கும் ஒரு தந்தை, தம் பிள்ளை எந்த மனிதர்களுக்கு நடுவில் வளரும் என்ற கவலையைச் சோற்றுக் கவலைக்கு முன்னால் வைக்கிறார்! நமது கணக்கில் பள்ளிக்கூடம் அந்த இரண்டாவது இடத்தில் வருகிறது.

இதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்றால், வெட்கத்தை விட்டு ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும்.

2022 டிசம்பரில் வடசென்னையில் ஒரு மஹல்லாவுக்கு இமாமத் பொறுப்பேற்றுக் குடும்பத்தோடு வந்தோம். மூத்த மகன் ஊரில் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். வந்த வாரமே அவனை ஒரு தனியார் பள்ளிக்கு அழைத்துப் போனோம். ஏழு வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள். அவன் திரும்பி நம் முகத்தைப் பார்த்தான். அதில் என்ன கண்டானோ, வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. முதல் வகுப்பில் வேண்டுமானால் இடம் தருவதாகச் சொல்லி ஒரு கட்டணச் சீட்டை நீட்டினார்கள். அதில் இருந்த தொகை நமது மூன்று மாதச் சம்பளம்.

ஜமாஅத்துக்கு வரும் அன்பர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தவணைக் கடன் வாங்கித் தருவதாகச் சொன்னார். "சின்ன வட்டிதான் ஹஜ்ரத், படிப்புக்குத்தானே!" என்றார். உடனே மறுத்துவிட்டோம் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. இரண்டு இரவுகள் யோசித்தோம். கல்வி அவசியமல்லவா, நிர்ப்பந்தத்துக்குச் சலுகை உண்டல்லவா என்று, கிதாபுகளில் நமக்குச் சாதகமான பக்கத்தைத் தேடும் அளவுக்குப் போனோம். மிம்பரில் நின்று வட்டியைக் கண்டித்துப் பேசிய அதே நாவுதான் வீட்டுக்குள் இப்படி முணுமுணுத்தது. மூன்றாம் நாள் காலை நம் தாயார், "ஏம்ப்பா, தெருமுனையில கார்ப்பரேஷன் ஸ்கூலு இருக்கே, அது என்ன பூட்டியா கெடக்கு?" என்று கேட்டார்கள். நிர்ப்பந்தம் என்ற வாதம் அங்கேயே விழுந்தது. கையெட்டும் தூரத்தில் கட்டணமில்லாத, ஹலாலான வழி திறந்திருக்கும்போது நிர்ப்பந்தம் எங்கிருந்து வரும்? நமக்கிருந்தது நிர்ப்பந்தமல்ல, 'இமாமுடைய மகன் கார்ப்பரேஷன் ஸ்கூலிலா?' என்று நாலு பேர் பேசுவார்களே என்ற கூச்சம்.

எனினும், இலவசம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் அமானிதத்தைப் பேணுவதாகாது. ஒரு மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம்!

தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஐம்பது பிள்ளைகளுக்குச் சற்று மேல். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியைகள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது சட்டத்தின் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் ஒருவர் ஒரே அறையில் மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கிறது. ஆசிரியைகள் அன்பானவர்கள், நம்மிடம் எதையும் மறைக்கவில்லை. கழிவறையைப் பார்க்க அனுமதி கேட்டோம். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. மோட்டார் பழுதாகிப் பல நாட்களாம்.

பள்ளிக்கூடம் பார்க்கப் போன ஆலிம் கழிவறையை ஏன் பார்த்தார் என்று சிலர் சிரிக்கலாம். ஏழு வயதில் பிள்ளையைத் தொழ ஏவும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். சுத்தம் இல்லாமல் தொழுகை ஏது? தண்ணீர் இல்லாத இடத்தில் பிள்ளை ஒன்று அசுத்தத்தோடு திரும்பும், அல்லது காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டே இருக்கும். பெண்பிள்ளைகள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். கணினி அறை இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோரில் எத்தனை பேர் குழாயைத் திருகிப் பார்க்கிறோம்?

அடுத்த பள்ளிக்கூடம் பதினைந்து நிமிட நடை, நடுவில் பெரிய சாலை. அதுவும் மாநகராட்சியுடையதுதான். அங்கே ஐந்து ஆசிரியர்கள் இருந்தார்கள், தண்ணீரும் இருந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் புத்தகத்தைக் கொடுத்தோம். தட்டுத் தடங்கலின்றி வாசித்தாள். நோட்டுகளைப் புரட்டினோம். முதல் ஏட்டில் மட்டுமல்ல, நடு ஏடுகளிலும் தேதியிட்டுத் திருத்தியிருந்தார்கள். ஊரிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வந்து சேரவில்லையே என்று தயங்கினோம். தலைமை ஆசிரியையோ, 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று தாமே சொல்லி, அன்றே இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். பிள்ளைக்குச் சோதனை வைத்து இடம் தருவதையும் அதே சட்டம் தடுத்திருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

மஹல்லாவில் சிலருக்கு வேறு ஐயங்கள் இருந்தன. மதிய உணவு ஹலால்தானா என்றார் ஒருவர். சோறும் முட்டையும் பயறும்தான். இறைச்சிக்கு அங்கே இடமில்லை. இந்தச் சென்னையில் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் 1920இலேயே மதிய உணவு போட்டிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாயிற்று. உப்புமாவிலும் பொங்கலிலும் ஹராமைத் தேட வேண்டியதில்லை. ஜும்ஆ தவறுமே என்றார் இன்னொருவர். பருவமடையாத சிறுவன்மீது ஜும்ஆ கடமையில்லை. பழக்கத்துக்காக அனுப்ப விரும்பினால் தலைமை ஆசிரியரிடம் முறையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது ஐயம்தான் ஆழமானது. மாற்று மதத்தவரான ஆசிரியர்களிடம் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? ஹிஜ்ரி 2இல் நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷியரில், மீட்புத் தொகை கொடுக்க வழியில்லாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்களை, மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்துவிட்டு விடுதலையாகிச் செல்லும்படி அண்ணலார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஒருவருக்குப் பத்துப் பிள்ளைகள் என்று வரலாற்று ஆசிரியர்கள் குறிக்கிறார்கள். முந்தைய நாள்வரை எதிரே வாளேந்தி நின்றவர்கள் அவர்கள்! அவர்களிடமே அன்ஸாரிகளின் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள் என்றால், நம் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு 'அ' எழுதப் பழக்கும் ஆசிரியையிடம் நமக்கு என்ன அச்சம்? எழுத்தை அவர்கள் கொடுக்கட்டும். தீனைக் கொடுப்பது நம் மக்தபின் வேலை, அதற்கும் முன்னால் வீட்டின் வேலை. மக்தபுக்கு அனுப்பச் சோம்பல்பட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

மகனைச் சேர்த்த நிம்மதியோடு அன்று மஃரிபுக்குப் பின் மக்தபில் உட்கார்ந்தோம். எதிரே ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தத் தெருமுனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பெரிய சாலையைத் தாண்டி அழைத்துப் போக அவர்கள் வீட்டில் ஆளில்லை. தாய் வீட்டுவேலைக்குப் போய்விடுகிறாள், தகப்பன் விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறான். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் முழுமையாகாது என்ற நபிமொழியை நாமே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். நம் மகனுக்கு ஆகாத கழிவறை அவர்களுக்கு மட்டும் ஆகுமா? அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மூஸா (அலை) அவர்களின் தாயார் குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டார்கள். விட்டுவிட்டுச் சும்மா இருந்தார்களா? மகளை அழைத்து, பின்னாலேயே போய்ப் பார்த்துவா என்று அனுப்பினார்கள். அவளும் எட்ட நின்று பார்த்துக்கொண்டே போனாள். பிள்ளைக்குச் செவிலியைத் தேடி அரண்மனையார் தவித்தபோது பேச ஓர் ஆள் அங்கே நின்றது அதனால்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வருவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை.

அப்படி எட்ட நின்று பார்க்கவும் வாய் திறந்து பேசவும் அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் விதி. கூட்டம் என்றால் நம் மக்கள் போவதில்லை. போனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த ஜும்ஆவில் இதைத்தான் பேசினோம். அந்தப் பள்ளிக்கூடத்துத் தாய்மார்கள் ஒன்பது பேர் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, மோட்டார் விஷயத்தை எழுதிப் பதிவுசெய்ய வைத்தார்கள். மனு மண்டல அலுவலகத்துக்குப் போயிற்று. ஒரு முறையல்ல, மூன்று முறை போயிற்று. நான்கு மாதம் கழித்து, 2023இன் கோடை விடுமுறையில் புது மோட்டார் வந்தது. ஜமாஅத் நிதியிலிருந்து வாங்கிப் போட்டுவிடலாம் என்று இடையில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றோம். நாம் வாங்கிக் கொடுத்தால், அடுத்த முறை பழுதாகும்போதும் நம் கையையே பார்ப்பார்கள். கேட்டுப் பெற வேண்டியது பிள்ளைகளின் உரிமை.

ஆசிரியைகள் இன்றும் இருவர்தாம். அதற்கு ஒரு மனு நடந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூனில் நம் இளைய மகளை அந்தத் தெருமுனைப் பள்ளிக்கூடத்திலேயே முதல் வகுப்பில் சேர்த்தோம். அவளை விடப் போகும் காலைகளில் அவளுடைய உம்மா, ஆசிரியைக்கு ஸலாமுக்குப் பதிலாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, முதலில் போய்த் திருகிப் பார்ப்பது அந்தக் குழாயைத்தான்.